குலசையில் அரை மணி நேரம்

நானும் என் நண்பனும் தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குச் சைக்கிளில் போய் ஒரே நாளில் திரும்புவது என்று முடிவு செய்தது ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. அவனுக்கு நெஞ்சில் நோய் கிடையாது என்று ஒரே ஒரு மனிதருக்குக் காட்டுவதற்காக. வெளியே சொல்வதற்குத்தான் அது சுற்றுலா.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் திறந்து, கப்பல்கள் கரையிலேயே வந்து கட்டத் தொடங்கியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். அவன் அப்பா அப்படியொரு தோணியில் ஓடியவர். அவன் துறைமுகத்தில் டாலி கிளார்க், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. நான் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவேன். இருவருக்கும் இருபத்தாறு வயது.

அதற்கு முந்தைய வருடம் அவனுக்குக் காசநோய் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதம் கிடந்தான். தெருவில் கேட்டவர்களிடம் அவன் வீட்டார், பம்பாயில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்தார்கள். உண்மை தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான், மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போனவனும் நான்தான். திரும்பி வரும்போது டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, நிழல் ஆறிவிட்டது என்றாராம். மாத்திரையை விடக் கூடாது, ஒரு வருடத்துக்கு மூச்சு வாங்குகிற வேலை எதுவும் செய்யக் கூடாது என்றும் சொன்னாராம். இதில் முதல் பாதியை அவன் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்பட்டான், சொல்ல முடியாது. இரண்டாம் பாதியை என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மணப்பாட்டில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணை அவன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனால் அவளைப் பற்றிப் பேசும்போது அவன் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். புரட்டாசியில் சிலுவைக் கோயில் திருவிழா முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் எப்படியோ மோப்பம் பிடித்து அங்கே போய், பையன் பம்பாய்க்கே போகவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று காதில் போட்டுவிட்டான். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவர் கப்பலில் செராங், மேல்தளத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி பஸ்ஸில் கிளம்பிக் கப்பலுக்குப் போகிறார், போவதற்கு முன் சம்மதமா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்று தகவல் வந்தது.

"நேர்ல போயி நிப்போம்லே. பஸ்ஸுல இல்ல, சைக்கிள்ல," என்றான் அவன்.

"மணப்பாட்டுக்கா? ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"நாப்பது மைலு மிதிச்சு வந்து வாசல்ல நிக்கவனப் பாத்து நெஞ்சு நோய்க்காரன்னு எவன் சொல்லுவான்? நாம ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா டூர் வந்தோம், சிலுவக் கோயிலப் பாத்துட்டுப் போறோம்னு சொல்லுவோம். ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிப்போம். திருப்பி மிதிச்சிருவோம். அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு."

இது ஏமாற்று வேலையா இல்லையா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நோய் ஆறியது நிஜம். ஆறிய நோயை இல்லை என்று சொன்னால் பொய்யா? ஆனால் கேட்கிறவர் பெண்ணைக் கொடுக்கப் போகிறவர். அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. திட்டம் போடச் சொன்னான், எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டம் போடுவதென்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் ஆபீஸில் கழித்துப் போட்ட கடல் வரைபடம் ஒன்று கிடந்தது. சார்ட் என்போம். தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டு முனைக்கும் தெற்கே வரை கரை முழுக்க அதில் இருந்தது. கடல் பக்கம் ஆழம் எல்லாம் அடிக்கு அடி எழுதியிருக்கும். நிலத்தில் மாலுமியின் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் குறித்திருக்கும், அங்கே ஒரு மாதா கோயில் கோபுரம், இங்கே திருச்செந்தூர் கோபுரம், மணப்பாட்டில் கலங்கரை விளக்கம். மற்றபடி நிலம் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளில்தான் நான் பென்சிலால் ரோடு போட்டேன். நூலை வைத்து அளந்தேன். சார்ட்டில் இருப்பது கடல் மைல், அது சாதாரண மைலைவிட நீளம் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது, சரியாக மாற்றிக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. கணக்கில் நான் தப்பே செய்யவில்லை.

அவனுடைய மூச்சைப் பழக்குவது அடுத்த வேலை. மூன்று வாரம், சாயங்காலங்களில் உப்பளங்களுக்கு நடுவே போகும் துறைமுக ரோட்டில் மிதித்தோம். இறங்கியதும் அவன் மாதா கோயிலில் சொல்கிற பரலோக மந்திரத்தைத் தடங்கல் இல்லாமல் சொல்லிக் காட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. நான் இந்து, ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் அது எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. இறங்கிய உடனே சொன்னால் பாதிக்கு மேல் போகாது, இருமல் வந்துவிடும். கால் மணி நேரம் கழித்துச் சொன்னால் இரண்டு இடத்தில் நிற்கும். அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து எழுந்தால் ஒரு பிசிறு இல்லாமல் முழுசாகச் சொல்லிவிடுவான். எத்தனை தடவை பார்த்தாலும் அதே அரை மணி.

ஆகவே திட்டத்தின் உயிர் அந்த அரை மணியில் இருந்தது. மணப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற ஊர் குலசேகரப்பட்டினம். குலசை என்போம். அங்கே பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். முகம் கழுவி, வேர்த்த சட்டையை மாற்றி, நிழலில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி மெதுவாக மிதித்துப் பன்னிரண்டரைக்குள் அவர் வாசலில் நிற்க வேண்டும். ஆபீஸ் மெஷினிலேயே அட்டவணையை டைப் அடித்துக் கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்தேன். 'குலசை, ஓய்வு' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தேன்.

இனிமேல் சொல்லப் போவது என் அயோக்கியத்தனம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குக் கொற்கையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. பாண்டியர்களின் முத்துத் துறை, கடல் விலகிப் போனதால் வாழைத் தோட்டமாகிவிட்ட ஊர். இத்தனை பக்கத்தில் இருந்தும் போனதில்லை. பஸ் ரோட்டிலிருந்து விலகி உள்ளே போக வேண்டும். பழையகாயலில் திரும்பி, கொற்கைக்குப் போய், உமரிக்காடு வழியாக முக்காணியில் மறுபடி ரோட்டைப் பிடிக்கலாம் என்று ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தார். சார்ட்டில் கொற்கை கிடையாது. கடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஊரை அதில் ஏன் போடப் போகிறார்கள்?

"டூர்னு சொல்லப் போறோம். என்னத்தப் பாத்தியன்னு அவரு கேட்டா?" என்றேன். "பழையகாயல் பாத்தோம், கொற்கை பாத்தோம், காயல்பட்டினம் பாத்தோம்னு சொல்ல வேண்டாமா?"

"கொற்கை எங்கன இருக்கு? சுத்தா?"

"வழியிலதாம்லே."

அவன் பஸ்ஸில் திருச்செந்தூருக்குப் போனவனே தவிர, அந்தப் பக்கத்து உள் ரோடு எதுவும் அறியாதவன். நான் சொன்னதை நம்பினான். அட்டவணையில் தூரத்தைப் போடாமல் நேரத்தை மட்டும் போட்டது தற்செயலாக நடந்தது அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் முதல் பூசை பார்த்துவிட்டு வந்தான். கேரியரைக் கழற்றிச் சைக்கிளின் கனத்தைக் குறைத்திருந்தான். பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், இட்லிப் பொட்டலம், மாற்றுச் சட்டை எல்லாம் என் சைக்கிளில். கிளம்புமுன் அவன் அப்பாவிடம் நாள் எப்படி என்று கேட்டோம். அந்தத் தெருவில் எந்தக் காரியத்துக்கும் அதுதான் வழக்கம். கல்யாணமானாலும் கருமாதியானாலும் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். அவர் கரைவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கடல் தட்டையா கெடக்கு. அலையே இல்ல. நல்ல நாளு, போய்ட்டு வாங்க," என்றார்.

எங்களுக்கு உற்சாகம். கடல் தட்டையாகக் கிடந்தால் நல்ல நாள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு மட்டும்தான் இப்படியொரு புத்தி வரும். ஆடி மாதத்தில் கரையோரம் கடல் ஏன் தட்டையாகிறது? தென்மேற்கேயிருந்து கச்சான் காற்று நிலத்தின் மேல் அடித்து வந்து அலையை அமுக்குகிறது. தோணிக்காரனுக்கு அது வசதி. தெற்கே சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அதே காற்று வலது கன்னத்தில் அறைகிறது. ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான். நாங்கள் கடலிடம் கேட்டோம்.

முள்ளக்காடு தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறியது. உப்பளத்து நுரை பறந்து வந்து ரோட்டில் உருண்டது. பழையகாயலுக்கு ஏழு மணிக்குச் சேர வேண்டியவர்கள் ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் இறங்கி ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தான். இரண்டு தடவை இருமினான்.

அந்த இடத்தில் ரோடு நேராக முக்காணிக்குப் போகிறது. நான் வலது பக்கம் கையைக் காட்டினேன். முக்கால் மணி தாமதம் என்று எனக்குத் தெரியும். நேராகப் போனால் அதைச் சரிக்கட்டிவிடலாம் என்றும் தெரியும். இருந்தாலும் வலது பக்கம் கையைக் காட்டினேன். அங்கே போனால் காற்று நேர் எதிரே.

கொற்கையில் ஒரு சாய்ந்த வன்னி மரம் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கோயில், ஒரு குளம், சுற்றிலும் வாழை. நான் மரத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளத்தைச் சுற்றினேன், கரையில் சிப்பி கிடக்கிறதா என்று காலால் கிளறினேன். ஒரு அண்ணாச்சி தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தேடுதிய?" என்று கேட்டார். அவன் கல் பாலத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு, தெரியுமாலே?" என்றான். "ஒரு முங்கு முங்கினார்னா கரையில நிக்கவுக எல்லாம் பயந்துருவாகளாம். அவ்வளவு மூச்சு." அப்புறம், "எனக்குத்தான் கெடைக்கல," என்று சிரித்தான்.

சிரிக்கிறானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உமரிக்காட்டு வழியில் மணலில் சக்கரம் புதைந்து பாதித் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி ஆத்தூருக்கு வந்தபோது மணி பத்தே கால். அட்டவணையில் அது ஒன்பது.

காயல்பட்டினத்தில் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. திருச்செந்தூரில் கோபுரம் தெரிந்ததும் நான் சொன்னேன், "போதும்லே, திரும்பிருவோம். இல்லேன்னா இங்கேருந்து மணப்பாட்டுக்குப் பஸ்ல ஏறிருவோம்."

"பஸ்ல போயி எறங்கினா அவரு என்ன நெனப்பாரு?" என்றான். முகம் சாம்பலாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் எனக்கு முன்னால் மிதித்தான். ரோட்டோரத் தேரி மேடுகளின் மணல் செக்கச்செவேல் என்று காற்றில் எழுந்து கண்ணிலும் வாயிலும் விழுந்தது. அவனை எட்டிப் பிடிக்க என்னால் முடியவில்லை. எனக்கு நெஞ்சில் ஒரு நோயும் கிடையாது.

குலசைக்கு வந்தபோது பன்னிரண்டரை. இரண்டு பெரிய வேப்பமரங்கள் நின்றன, அடியில் நல்ல நிழல். நான் மாற்றுச் சட்டையை எடுத்து நீட்டினேன். அவன் என் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஏறி மிதித்தான். அது வெள்ளைச் சட்டை.

மணப்பாட்டில் தாய்மாமன் வாசலுக்கு வெளியே டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். உயரமான மனிதர், நரைத்த மீசை. பெண்ணின் தாயும் வாசலில் இருந்தார். சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பிய மாமன், அவனை அடையாளம் தெரிந்துகொண்டதும் முகம் மலர்ந்துவிட்டார். அது நடிப்பு இல்லை, நான் பார்த்தேன்.

"தூத்துக்குடியில இருந்தா? சைக்கிள்லயா வாரிய? இந்தக் காத்துலயா?" என்றார். "ஏளா, தண்ணி கொண்டா!"

அந்தப் பெண் ஒரு செம்பும் டம்ளருமாக வந்தாள். அவன் வாங்கி ஒரு வாய் குடித்தான். நாங்கள் ஆசைப்பட்டது அத்தனையும் அந்த ஒரு கணத்தில் நடந்துவிட்டது. அவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, திருப்தியோடு மீசையைத் தடவினார்.

"எந்த வழியா வந்திய?"

"பழையகாயல்... கொற்கை பாத்துட்டு..." என்று ஆரம்பித்தான். பாதி மந்திரத்தில் வருகிற அதே இருமல் வந்தது. டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்தான், நிமிர முடியவில்லை. வாயைப் பொத்திய கையை எடுத்தபோது சட்டையின் முன்பக்கம் சிவந்திருந்தது. தேரி மண்ணின் சிவப்பு இல்லை.

அவர் ஓடி வந்து அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தன் தோளில் கிடந்த துண்டாலேயே அவன் வாயைத் துடைத்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தி வைத்து, எங்கள் இரண்டு சைக்கிளையும் மேலே ஏற்ற வைத்தார். பஸ் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். பெண்ணின் தாய் கீழே கிடந்த டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்து எடுத்து, வீட்டுக்குள் கொண்டு போகாமல் மதில்மேல் தனியாக வைத்தார். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள். பார்த்தவன் நான் மட்டும் என்று நினைத்தேன். அவனும் பார்த்திருந்தான்.

திருச்செந்தூர்வரை அவர் எங்களோடு வந்தார். இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல டாக்டராப் பாருங்க தம்பி. மாதா கைவிட மாட்டா. ஒடம்பு தேறி நல்லபடியா இருக்கணும்," என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை.

பஸ் மறுபடி வடக்கே கிளம்பியது. கச்சான் இப்போது எங்களுக்குப் பின்னால் இருந்தது.

"பாத்தியா, திரும்பும்போது காத்து நம்ம பக்கம்," என்றான் அவன், ஜன்னலில் சாய்ந்துகொண்டு.

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. இந்தத் தடவை ஊசி மருந்துக்கு நோய் கேட்கவில்லை. பம்பாய்க் கதை சொல்லவும் வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. நான் வாராவாரம் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை. தலையணைக்கு அடியில் அட்டவணையின் கார்பன் பிரதியை வைத்திருந்தான். ஒருநாள் அதை எடுத்து மடியில் விரித்து, விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

"காத்து மட்டும் இல்லேன்னா ஒன் திட்டம் அப்படியே நடந்திருக்கும்லே. வேற ஆளா இருந்தா இவ்வளவு கணக்கா போட்டிருக்க மாட்டான்," என்றான்.

"ஆமாலே. காத்துதான்," என்றேன்.

மார்கழியில் அவன் போய்விட்டான். கொற்கைக்குப் போய் வந்ததில் எங்களுக்குப் போனது ஒரு மணி நேரத்துக்கு மேல். குலசையில் அவனுக்கு வேண்டியிருந்தது அரை மணி. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது. நான் சொல்லவில்லை.